கொக்கு நின்ற இடம்

ஆரையம்பதி யசோதினி ஒற்றை ஆளாக ஒரு கைபேசி விளையாட்டுச் செய்தாள். பகலில் தனியார் வகுப்பொன்றில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுப்பாள். மிச்ச நேரமெல்லாம் இதற்குள்தான் கிடந்தாள். படம் கீறியது அவள், கட்டளைகளை எழுதியது அவள், காற்றுச் சத்தத்தையும் தண்ணீர்ச் சத்தத்தையும் ஊரை ஒட்டிக் கிடக்கும் உப்பேரியான வாவியின் கரையில் போய்ப் பிடித்து வந்ததும் அவள். விளையாட்டு இதுதான்: இருட்டோடு தோணியில் புறப்பட்டு, இறால் பிடித்துக்கொண்டே வாவியைக் கடந்து அக்கரை சேர வேண்டும். மொத்தம் நான்கு கட்டங்கள்.

நான் அஜந்தா, அவர்களுக்கு அடுத்த வளவு. அதனால் இந்தக் கூத்து முழுவதையும் பார்த்தவள்.

ஊரில் எல்லோருக்கும் காட்டினாள். எல்லோரும் நல்லா இரிக்கு என்றார்கள். இது எங்கள் பக்கத்து வியாதி. செய்தவரின் முகத்துக்கு நேரே எதையும் குறை சொல்ல மாட்டோம். வீடு குடிபுகுந்த அன்று போய், கூரை ஒழுகும்போலிருக்கே என்று சொல்லும் ஆள் இங்கே இன்னும் பிறக்கவில்லை. சொல்வதையெல்லாம் வீட்டுக்கு வந்து வேலியோரம் நின்று சொல்லுவோம். யசோதினியின் மாமா இராசதுரை விளையாட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘சூப்பர்’ என்றுவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துப் போனார். விளையாடிப் பார்த்தவர்களோ நான்கு கட்டத்தையும் மளமளவென்று முடித்தார்கள். அவளும் நம்பி இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

வெளியூர் ஆட்கள் மூன்றாம் கட்டத்தோடு நின்றார்கள். யார் எந்த இடத்தில் விட்டுப் போகிறார்கள் என்பது அவளுடைய கணினியில் தெரியுமாம். கொழும்பு, கண்டி, கனடா, எல்லோரும் அதே இடத்தில் விட்டுப் போயிருந்தார்கள். நான்காம் கட்டத்தைப் பக்கத்து நாவற்குடா தாண்டி ஒரு சீவனும் பார்க்கவில்லை. அந்தக் கட்டத்துக்காகத்தான் அவள் மற்ற மூன்றையும் செய்திருந்தாள்.

தாய் கேதீஸ்வரி கொழும்பில் ஒரு அலுவலக வேலை பார்த்து வைத்திருந்தார். யசோதினி ஓம் என்றாள். போகுமுன் விளையாட்டை இணையத்திலிருந்து அழித்துவிடப் போவதாகவும் சொன்னாள். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஆனால் நானும் இந்த ஊர் ஆள்தானே, நல்ல முடிவு என்றேன்.

அந்தக் கிழமைதான் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு கருத்து வந்தது. ‘படம் நல்ல வடிவு. தோணி ஓட்டவும் ஆசையா இரிக்கு. ஆனா மூண்டாம் கட்டத்தில ஏன் தோக்கிறன் எண்டு எத்தின தரம் விளையாடியும் விளங்கல்ல. நான் காத்தான்குடியிலதான் இருக்கன். கேட்டா விளையாடிக் காட்டுறன்.’ கீழே இர்ஷானா என்ற பெயரும், அவர் வேலை பார்க்கும் புடவைக் கடையின் பெயரும் இருந்தன. யசோதினி அழுதாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இர்ஷானா கண்டிப் பக்கத்தில் பிறந்து காத்தான்குடிக்கு மருமகளாக வந்தவர்; எங்களைவிட மூத்தவர், அதனால் அவர்கள் அக்காவை அழைக்கிற மாதிரி ராத்தா என்றோம். எங்களை இருத்தி, குளிர்பானம் தந்து, தான் விளையாடும்போது எதுவும் சொல்லக்கூடாது என்று நிபந்தனையும் போட்டார். இரண்டு கட்டத்தை ஒழுங்காகத்தான் முடித்தார். மூன்றாவதில், தூரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றது. தோணியை நேரே அதை நோக்கித் திருப்பினார். தோணி தரை தட்டி நின்றது. ஆட்டம் முடிந்தது.

“ஏன் ராத்தா அங்க போறீங்க?” யசோதினியால் பொறுக்க முடியவில்லை.

“வடிவா நிக்கிதே. தொட்டா ஏதும் பரிசு கிடைக்கும் எண்டு நினைச்சன்.”

யசோதினி கைபேசியை வாங்கி அந்தக் கொக்கையே உற்றுப் பார்த்தாள். கொக்கு நிற்கிற இடத்தில் தண்ணீர் முழங்காலுக்கும் வராது. தோணி வைத்திருக்கிறவன் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டான். வாவிக்கரையில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, அவளும் சொல்லவில்லை. ஆழமில்லாத இடத்துக்கு அவள் வைத்திருந்த ஒரே அடையாளம் அந்தக் கொக்குதான்.

யசோதினி விசயத்தைச் சொன்னதும் இர்ஷானா சிரித்தார். “இதுக்காகக் கொக்கத் தூக்கிப்போடாதீங்க தங்கச்சி. அது எதுக்கு நிக்கிதெண்டு முதல்லயே ஒருக்காக் காட்டிப்போடுங்க.”

யசோதினி கொழும்பு வேலைக்குக் கொஞ்சம் தவணை கேட்டாள். தாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது முதல் கட்டத்திலேயே ஒரு கொக்கு நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒருவன் சாரத்தை மடித்துக் கட்டி, தரை தட்டிய தோணியைத் தள்ள முடியாமல் தள்ளிக்கொண்டிருக்கிறான். எழுத்தில் ஒரு சொல்லும் இல்லை.

திரும்பவும் அதே கடைக்குப் போனோம். மூன்றாம் கட்டத்தில் கொக்கைக் கண்டதும் இர்ஷானா தோணியை மறுபக்கம் திருப்பினார். நான்காம் கட்டம் திறந்தது. அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வாவி முழுக்கப் பனிப்புகார். தோணி தன்பாட்டில் மிதக்கும், மெல்ல மெல்ல விடியும், அக்கரை தெரியும். இர்ஷானா விரலை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாறி வாங்க வந்தவர் கூப்பிட்டதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

“இதையா தங்கச்சி ஒருத்தருக்கும் காட்டாம வெச்சிருந்தீங்க?”

யசோதினி அந்தக் கடைக்குள்ளேயே அழுதாள். சந்தோசத்தில்தான். விளையாட்டை அழிக்கவில்லை, கொழும்புக்கும் போகவில்லை.

அந்த ஒற்றை நட்சத்திரத்தை மாற்ற மாட்டீர்களா என்று நான்தான் வாய் பொறுக்காமல் கேட்டேன். இர்ஷானா யோசிக்கவேயில்லை. “காத்துச் சத்தம் காதக் கிழிக்குது. அதக் குறைச்சுப்போட்டு வரட்டும், பொறகு பாப்பம்.”

யசோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் என்னென்ன என்று கேட்டாள்.