கயிற்றின் மறுமுனையில் ஒருத்தி

மூன்று ஓணத்துக்கு முன்பு நடந்தது இது. மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு கறவை மாடு உண்டு. காலையும் மாலையும் பால் கறந்து எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கை நன்றாக உரமேறியிருக்கும். அந்தக் கையை நம்பித்தான் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து வடம் இழுக்கும் டீம் ஒன்றை ஆரம்பித்தோம். ஓணம் வந்தால் கேரளாவில் மூலைக்கு மூலை வடம்வலிப் போட்டி நடக்கும். முதல் பரிசு ஒரு கிடா. இரண்டாம் பரிசு ஒரு நேந்திரன் வாழைக் குலை. குலை எங்களுக்கு இரண்டு தடவை வந்துவிட்டது. கிடாதான் கைக்கு எட்டவில்லை.

டீமில் நான் கடைசி ஆள். மற்றவர்கள் கயிற்றைக் கையில் பிடித்தால் போதும். கடைசி ஆள் அதை அக்குளுக்கடியில் கொடுத்து, முதுகைச் சுற்றித் தோளுக்கு மேல் கொண்டுவந்து பிடிக்க வேண்டும். எதிரணி இழுக்கும் இழுப்பு முழுவதும் விலா எலும்பில் வந்து இறங்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நான் காலை ஊன்றிவிட்டால் என்னை அசைக்க டிராக்டர்தான் வரவேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன்.

அந்த வருடம் ஆனிக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டையில் எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. மஞ்சள் காமாலை என்று ஊரே முடிவு செய்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது. குறையவில்லை என்றதும் என் வீட்டுக்காரர் பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா சிரித்துக்கொண்டே, எச்சில் வழியாகப் பரவுகிற வைரஸ், இதற்கு முத்தக் காய்ச்சல் என்று ஒரு பெயர் உண்டு என்றார். என் வீட்டுக்காரர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்! ஒரே பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாலும் வரும் என்று டாக்டர் அம்மா சொன்ன பிறகுதான் மனிதருக்கு மூச்சு வந்தது. பயிற்சி முடிந்து நாங்கள் ஏழு பேரும் ஒரே பாட்டிலைத்தான் சுற்றிவிடுவோம்.

ஸ்கேன் பார்த்தபோதுதான் டாக்டர் அம்மாவின் சிரிப்பு நின்றது. மண்ணீரல் வீங்கியிருக்கிறது, கனமான எதையும் தூக்கக்கூடாது, கயிறு பக்கமே போகக்கூடாது, வயிற்றில் அழுத்தம் பட்டால் அது கிழிந்து உள்ளேயே ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து என்றார். ஓணம் முடிந்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதை அப்படியே எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் கேப்டன் என் அண்ணன் மனைவி. மண்ணீரல் என்றதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "சுவரொட்டிதான அம்மிணி? அதுக்கு எதுக்கு இத்தனை பயம்? சுவரொட்டிக்குச் சுவரொட்டியே மருந்து!" என்றார். ரத்தம் ஊற ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியை வாட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஞாயிறு தவறாமல் கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கி வந்து, மிளகு போட்டு வாட்டி, எதிரில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். அன்பு என்றால் அப்படி ஒரு அன்பு.

காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அலுப்பு போகவில்லை. ஒரு மாட்டைக் கறந்து முடிப்பதற்குள் முட்டியில் தலை சாய்ந்துவிடும். பகலில் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் மாதிரியே இருப்பேன். புளியமரத்தில் கப்பி கட்டி, மறுமுனையில் மண்மூட்டை தொங்கவிட்டு அவர்கள் பயிற்சி செய்வதைக் கல்லில் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கு அழுகையாக வரும். என் இடத்தில் வேறு ஒருத்தி நிற்பதை என்னால் சகிக்கவே முடியவில்லை.

அப்போதுதான் அண்ணி ஒரு கணக்குப் போட்டார். இந்தப் போட்டியில் ஏழு பேர் எடையையும் கூட்டித் தராசில் பார்ப்பார்கள். வரம்பைத் தாண்டினால் டீமையே இறக்க மாட்டார்கள். வருடா வருடம் போட்டிக்கு முந்தின வாரம் நாங்கள் பட்டினி கிடப்பது அதனால்தான். இந்த முறை காய்ச்சலில் நான் பாதியாகிவிட்டேன். அதனால் முன் வரிசையில் ஒருத்தியை மாற்றிவிட்டு நல்ல கனத்த பெண் ஒருத்தியைச் சேர்க்க இடம் கிடைத்தது. "உன்ற காச்சல் நம்ம டீமுக்கு அடிச்ச யோகம் அம்மிணி! நீ சும்மா பின்னால நின்னாப் போதும். முன்னால நாங்க பாத்துக்கறோம். கிடா வந்தா அதுல சுவரொட்டி உனக்குத்தான்" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. டாக்டர் அம்மா பயமுறுத்துகிறார், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். என் உடம்பு எனக்குத் தெரியாதா என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

போட்டி பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில். செண்டை மேளமும் மைக்குமாக ஒரே கூச்சல். தராசில் ஏழு பேரும் வரம்புக்குள் மட்டுமட்டாக அடங்கினோம். அண்ணி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முதல் சுற்றில் எங்களோடு மோத வேண்டிய டீம் வராததால் நேராக அரையிறுதி. எதிரில் இடுக்கித் தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். கொழுந்துக் கூடை சுமந்து மேடு ஏறி ஏறிக் காலெல்லாம் கருங்கல்லாக இருந்தது.

தராசுக்கும் பந்தலுக்கும் நடந்ததிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்தேன். எஸ்டேட் டீமின் கடைசி ஆள் என்னைத் தேடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கடைசி ஆட்கள் ஒருவரை ஒருவர் அளவெடுப்பது வழக்கம்.

"என்ன யக்கா, வெளாட்டுக்கு முந்தியே உக்காந்துட்டீக?" என்று கிண்டலாகக் கேட்டாள்.

நானும் வீம்புக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை காய்ச்சலில் எழுந்து வந்திருக்கிறேன், மண்ணீரல் வீங்கியிருந்தாலும் உன்னை இழுத்துக் காட்டுகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டு அவள் மிரள வேண்டும் என்பது என் எண்ணம்.

அவள் மிரளவில்லை. கோபப்பட்டாள். "நான் கயித்தைப் பிடிச்சா முழுசாத்தான் இழுப்பேன்க்கா. நோயாளின்னு விட்டுக் குடுக்க எனக்குத் தெரியாது. எங்க புள்ளைகளும் ஆறு மாசமா உயிரைக் குடுத்துப் பழகியிருக்காளுக. நான் இழுக்கிற இழுப்புல உங்களுக்கு உள்ள ஏதாச்சும் அத்துப்போச்சுன்னா, அந்தக் கிடாக்கறி எனக்குத் தொண்டையில இறங்குமா? உங்களுக்குச் சாகணும்னா என் கையிலதான் சாகணுமா?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். ஓங்கி அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. இத்தனை நாளும் இது என் உடம்பு, என் துணிச்சல் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கயிற்றை மறுமுனையில் ஒருத்தி பிடித்திருப்பாள், எனக்கு ஏதாவது ஆனால் அவள் ஆயுளுக்கும் அதைச் சுமப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கை தானாக இடது விலாவில் போய் நின்றது.

எழுந்து அண்ணியிடம் போனேன். "ஏனுங்கண்ணி, நான் இன்னைக்குக் கயிறு புடிக்கலைங்க" என்றேன்.

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன வெளையாடறியா? உன்ற எடத்துல வேற ஆளை நிறுத்துனா எடை தாண்டிப் போகுமல்லோ! இத்தனை பேர் ஒழைச்சது என்ன ஆகறது?"

"ஆறு பேரு இழுக்கலாமுங்க. தோத்தா என்னைத் திட்டிக்கோங்க. நான் போய்ச் சேந்துட்டா யாரைத் திட்டுவீங்க?"

அண்ணி என் முகத்தையே பார்த்தார். என்ன தெரிந்ததோ, சட்டென்று அவர் கண் கலங்கிவிட்டது. "நானொரு கூறு கெட்டவ" என்று முணுமுணுத்தபடி, கயிறு அறுக்காமலிருக்க என் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து முன் வரிசையில் நின்ற அந்தக் கனத்த பெண்ணிடம் கொடுத்துக் கடைசிக்குப் போகச் சொன்னார்.

ஏழு பேருக்கு எதிராக ஆறு பேர். மூன்று இழுப்பில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் இழுப்பில் எங்களை வெண்டைக்காய் பறிக்கிற மாதிரி பறித்துவிட்டார்கள். சொன்ன சொல் தவறாமல் அவள் கொஞ்சமும் விட்டுக் கொடுக்கவில்லை. இரண்டாவது இழுப்பில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கயிற்றின் ஓரமாகக் குனிந்து ஓடி, எப்போது தாங்க வேண்டும், எப்போது சேர்ந்து இழுக்க வேண்டும் என்று குரல் கொடுத்தேன். ஆறு பேரும் என் குரலுக்கு அடி வைத்தார்கள். கயிறு நடுவில் நின்றுவிட்டது. கூட்டமே எழுந்து நின்றது. கடைசியில் தோற்றோம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அந்தத் தோல்வியைத்தான் பேசுகிறார்கள்.

ஓணம் முடிந்து எடுத்த ஸ்கேனில் வீக்கம் பாதிகூட வடியவில்லை. மைதானத்துக் கதையைக் கேட்ட டாக்டர் அம்மா, அன்று கயிற்றைப் பிடித்திருந்தால் இப்படி நடந்து வந்திருக்க மாட்டாய் என்றார். என் வீட்டுக்காரர் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நான் அவசரப்படவில்லை. அலுப்பு வந்த அன்று படுத்தேன். தெம்பு வந்த அன்றும் பாதியில் நிறுத்தினேன். மாடுகளை என் வீட்டுக்காரர் கறந்தார். மாடுகளுக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை. மாசியில் டாக்டர் அம்மா சரி என்ற பிறகுதான் மண்மூட்டையைத் தொட்டேன். மறு ஓணத்துக்குப் பழைய எடையோடு பழைய இடத்தில் நின்றேன். இறுதிச் சுற்றில் எதிரில் அதே எஸ்டேட் டீம். கயிற்றை எடுப்பதற்கு முன் அவள் தூரத்திலிருந்து தன் விலாவைத் தட்டிக் காட்டி, சரியா என்று தலையாட்டிக் கேட்டாள். சரி என்று நானும் தட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் இழுத்தாள் பாருங்கள்! மூன்றாவது இழுப்பில்தான் ஜெயித்தோம். கிடாவும் வந்தது.

இப்போதும் கயிற்றைத் தோளில் போடும்போதெல்லாம் என் கண் முதலில் மறுமுனைக்குத்தான் போகிறது. என்னைத் தோற்கடிக்க வந்து, என் உயிரைக் காப்பாற்றிவிட்டுப் போன ஒருத்தி அங்கேதான் நின்றிருந்தாள்.