கப்பலேறாத டைப் மெஷின்

கல்யாணமாகி இருபதே நாளில் என் வீட்டுக்காரர் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். இரண்டு வருஷம் ஆவூரில் மாமனார் வீட்டில் காத்துக் கிடந்தேன். ஒருவழியாக மலாயா போக எனக்கும் பர்மிட் வந்தது. அந்த மாதத்தோடு அது காலாவதி. அதற்குள் இருந்தது ஒரே ஒரு கப்பல்தான். அவர் கடிதத்தில் கூடவே ஒரு வரி: "வரும்போது டைப் மெஷின் ஒன்று கொண்டுவா. இங்கே விலை கொள்ளை."

மாமனார் திருச்சியில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் ஒன்றை எடுத்துவந்தார். தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூடியைத் திறந்தால் வரிசையாக இங்கிலீஷ் எழுத்துப் பொத்தான்கள். டைப் மெஷினேதான்! கோயில் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். நான் எட்டாவது வரை படித்தவளாயிற்றே, அழுத்திப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

"தொடாத ஆத்தா! மொதக் கை அவன் கையாத்தான் இருக்கணும்," என்றார் மாமனார்.

அந்த வீட்டில் அது சட்டம். மண்வெட்டி வாங்கினாலும் உடையவர் கைபடாமல் இன்னொருவர் எடுக்கக் கூடாது. ஆக, அதை யாருமே தட்டிப் பார்க்கவில்லை.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் சுங்க அதிகாரி தட்டிப் பார்த்தார். மாமனார் முகம் சுண்டிப்போயிற்று. அதிகாரி 'ஏ' அடித்தார். உள்ளே சக்கரம் நகர்ந்து காகித நாடாவில் 'கியூ' விழுந்தது. மறுபடி 'ஏ' அடித்தால் 'எம்'.

"பழுதுங்களா?" என்றார் மாமனார்.

"பழுதெல்லாம் இல்ல பெரியவரே. ரகசியச் சேதியை மாத்தி அடிக்கிற பட்டாளத்து மெஷின். டெல்லி உத்தரவு இல்லாம தேசம் தாண்டக் கூடாது."

"சாமியார் மந்திரிச்சதுங்க! திருட்டுச் சாமான் இல்ல!"

அதிகாரி சிரித்துவிட்டார். டெல்லிக்கு எழுதினால் பதில் வர மூன்று மாதம் ஆகும் என்றார். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"மூணு மாசந்தானே ஆத்தா, இருந்து மெஷினோடயே போ. வெறுங்கையோட அனுப்புனா அவன் என்ன நெனைப்பான்?"

அதுவரை அவர் எதிரில் நிமிர்ந்து பேசியவள் இல்லை நான். கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகு புறப்படத் தயாராக நின்றது.

"மெஷினுக்குத்தான் உத்தரவு இல்ல மாமா, எனக்கு இருக்கு! பர்மிட் இந்த மாசத்தோட சரி, விட்டா மறுபடி யாரு குடுப்பா? நான் போறேன்!"

சத்தம் கேட்டுத் துறைமுகமே திரும்பிப் பார்த்தது. என் டிரங்குப் பெட்டியை மாமனாரே தூக்கிப் படகில் வைத்தார்.

வழியெல்லாம் வாந்தி. குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. பினாங்கில் இறங்கினால் எதிரே அவர், பாதியாக இளைத்து நின்றார். பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரோ எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மெஷின் எங்க?"

வந்ததே கோபம்! "ரெண்டு வருசங் கழிச்சு மொதக் கேள்வி இதானா? அதுதான் வேணும்னா சொல்லுங்க, இதே கப்பல்ல திரும்பிப் போறேன்."

மனுஷன் வெடுக்கென்று என் பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் வேணாம். என் கையெழுத்தே நல்லாத்தான் இருக்கு. நீ வா!"