பெட்ரோலை நிறுத்தாத ஊசி

கடலோர விடுதி ஒன்றின் வாட்டர் ஸ்கூட்டர் வேங்கிக்காலில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, பெட்ரோல் நிறைந்ததும் துளையை அடைத்து நிறுத்தும் ஊசியைப் புதிதாகப் போட்டுப் பூட்டினேன். ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் வழிந்து பிளக் நனைந்தது. மூன்று முறை பிரித்துப் பூட்டினேன். ஊசி விற்றவனைத் திட்டினேன், பெட்ரோலைத் திட்டினேன். என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை.

நான்காம் முறை பிரித்தபோது, ஊசி உட்காரும் துளையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விபூதி! பூட்டும் முன் ஒவ்வொரு முறையும் நெற்றியில் இட்டுக்கொண்டு, அதே விரலால் ஊசியை வைத்திருக்கிறேன்.

துளையைத் துடைத்து, கை கழுவிப் பூட்டினேன். உடனே கிளம்பியது.

வண்டியை எடுக்க வந்த விடுதி டிரைவர், "என்னாங்க கோளாறு?" என்றார்.

"பக்தி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சுங்க."