வண்டிக்கு மாலை கட்டிய சொர்ணம்

"என்னாத்தா இது, பூவக் கட்டுனியா, நாரக் கட்டுனியா? நடுவுல என் கையே போகுது பாரு!"

வெள்ளிக்கிழமை காலையில் அறந்தாங்கிக் கடைவீதியில் இந்தக் குரல் கேட்டால் சொர்ணம் வந்துவிட்டாள் என்று அர்த்தம். மாலையைத் தூக்கிக் காட்டித் தெருவையே கூட்டுவாள். கடைசியில் பூக்காரி கேட்டதையே கொடுத்து வாங்கிக்கொண்டு தன் பிக்கப் வேனுக்கு முன்னால் போய் நிற்பாள். அங்கே போன வாரத்து மாலை காய்ந்து கிடக்கும். அதற்கடியில் அதற்கு முந்தின வாரத்து மாலை. அதற்கும் அடியில் வேப்பிலை, மாவிலை, இன்னதென்று சொல்ல முடியாத சருகு. எல்லாவற்றுக்கும் மேலே புது மாலையைச் சாத்தி, கயிற்றை இழுத்து முடிந்து, வண்டியின் நெற்றியில் குங்குமம் வைத்து, "கெளம்புவமாடி?" என்பாள். இது போன ஐப்பசிக்கு முன்பு வரை நடந்த கூத்து.

சொர்ணத்துக்குக் கருவாட்டு வியாபாரம். கோட்டைப்பட்டினம் கடற்கரையில் பெண்கள் காயவைக்கும் நெத்திலியையும் சாளையையும் வாங்கி, ஓலைப்பாயில் சிப்பம் கட்டி, அறந்தாங்கி, புதுக்கோட்டைச் சந்தைகளில் விற்கிறாள். விற்ற பிறகுதான் அவர்களுக்குக் காசு. நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டுமஸ்தான உடம்பு. வாயில் வெற்றிலை இல்லாத நேரம் தூங்குகிற நேரம்தான். வண்டியின் முன்சீட்டில் இரண்டு காலையும் மடக்கி மேலே வைத்துக்கொண்டு, ஏதோ கட்டிலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்து வருவாள். மேடு வந்தால் இரண்டு கையாலும் முன்பலகையைத் தள்ளுவாள். "யக்கா, நீ தள்ளுறதுலயா வண்டி ஏறுது?" என்று டிரைவர் திருப்பதி கேட்டால், "ஒன் வேலையப் பாருடா. ஆளுக்கொரு கை குடுத்தாத்தான் ஆகும்" என்று பதில் வரும்.

'ஆகும்' என்பது அவளுக்கு மந்திரம். மழை நிற்குமா? ஆகும். சரக்கு விற்குமா? ஆகும். பெண்பிள்ளை வண்டி வாங்கி நடத்த முடியுமா என்று கோட்டைப்பட்டினமே சிரித்தபோதும் அதையேதான் சொன்னாள். வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருக்கும் அவள் புருஷன் உடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "இவ சொன்னா ஆயிருங்க" என்று பயத்தோடு சொன்னார்.

ஆனது. அறுபத்தோராம் வருஷத்து மாடல், நீலக் கலர், பின்னால் சரக்குக்குத் தகரக் கூண்டு கம்பெனியிலேயே கட்டியது. திருச்சியில் அந்தக் கம்பெனியின் ஏஜென்ட்டுக் கடையில் வாங்கினாள். கடையின் பேரை எழுதினால் பத்திரிகைக்கு வம்பு, வேண்டாம். வண்டி ஊருக்கு வந்த அன்று, புது வள்ளம் கடலில் இறங்குகிற மாதிரியே பூசை போட்டார்கள். வள்ளத்துக்கு முன்மூக்கில் மாலை கட்டுவார்கள். கட்டின மாலையை மனுஷக் கை கழற்றக் கூடாது. கடல்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு மட்டும் வேறு சட்டமா? அதன் மூக்கிலும் மாலை ஏறியது. ஏறினது இறங்கவே இல்லை.

புது வண்டி என்ற பேர்தான். வாங்கின கொஞ்ச நாளிலேயே அதன் குணம் தெரிந்துவிட்டது. கண்மாய்க்குக் கண்மாய் நின்று தண்ணீர் குடித்தது. மூடியைத் திறந்தால் உலைப்பானை மாதிரி கொதிக்கும். பின்கதவு பள்ளத்தில் இறங்கினால் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு தடவை ஆவுடையார்கோயில் பக்கத்தில் இரண்டு சிப்பம் ரோட்டில் விழுந்து, நாய்கள் கல்யாணம் கொண்டாடின. இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டாள். புரட்டாசியில் ஒரு மழை பெய்தது. கூண்டின் கூரை ஒழுகியது. அதுதான் அவளை உலுக்கியது.

நனைந்தது, கடற்கரையில் கருவாடு காயவைக்கும் மூக்காயியின் நெத்திலி. கருவாட்டில் ஈரம் பட்டால் அவ்வளவுதான், புழு வைத்துவிடும். மூக்காயி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சொர்ணம் சமாளித்திருப்பாள். அவள் புழுத்த சரக்கைக் கடலோரம் கொட்டிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள்: "நீ எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரிதான் சொர்ணம். ஆனா லாரிக்காரன் வெலையக் கொறச்சாலும் தார்ப்பாய் போட்டு மூடுறான். ஐப்பசி பொறக்கப் போகுது. ஒன் வண்டி ஒழுகுனா நாங்க என்ன செய்ய?"

அன்று ராத்திரி சொர்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. லாரிக்காரன் வைத்ததே விலை என்று கிடந்த கடற்கரை அது. அதை மாற்றுகிறேன் என்று சொல்லித்தானே வண்டி வாங்கினாள்! ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வண்டி சரியாகவில்லையென்றால், அத்தனை பெண்களும் பழையபடி லாரிக்காரன் காலடியில்தான்.

ஆறு மாதத்துக்குக் கம்பெனி பொறுப்பு என்று வாங்கும்போது சொல்லியிருந்தார்கள். ஆகவே திருச்சிக்குப் போனாள். சந்தையில் ஊரைக் கிழிக்கிற குரலை வீட்டிலேயே வைத்துவிட்டு, "கும்புடுறேனுங்க" என்று அடக்கமாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். மானேஜர் ரத்தினவேலுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, மேலே மின்விசிறி. ஃபேனுக்கு அடியிலிருந்து எழுந்திருக்காமலே, "புது வண்டி அப்படித்தாம்மா இருக்கும். புதுச் செருப்பு கடிக்கிறதில்லையா? ஓட ஓடச் சரியாயிடும்" என்றார்.

"செருப்பு கடிச்சா எங்காலுதாங்க புண்ணாகும். இங்க ஊராரு சரக்குல்ல புழுக்குது."

"பார்க்கலாம், போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் போனபோது வண்டியை உள்ளே கொண்டுபோய், மாலையைத் தொடப் பயந்துகொண்டு மிச்ச இடத்தையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, பாலிஷ் அடித்து வெளியே விட்டார்கள். நீலம் பளபளவென்று மின்னியது. வருகிற வழியில் கதவு திறந்துகொண்டது. திருப்பதி கோபத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினான். "நல்லாத்தான்டா மூஞ்சி கழுவி விட்டிருக்காங்க" என்றாள் சொர்ணம். "அடுத்த தடவ தலைவலிக்கு மருந்து குடுப்பாங்க. ஆகும்."

மூன்றாவது தடவை அவள் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. வண்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் நகர்ந்து இடம் கொடுத்து, "ஒக்காருங்க, நமக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று பேச்சுக் கொடுத்தாள். நமக்கு எந்த ஊரு, என்ன வண்டி வாங்கப் போறீங்க, அது ஒழுகாதுல்ல என்று விசாரித்தாள். மானேஜர் வேறு வழியில்லாமல் வெளியே வந்து முதல் தடவையாக வண்டியைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? வண்டியா, தேரா?"

"வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம சாத்துறதுங்க."

"பழசை எடுக்கிறதே இல்லையா?"

"கையால எடுக்கப்படாதுங்க. தானாப் போகணும்."

மானேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! காத்துப் போய் எஞ்சினைக் குளிர வைக்கிற எடமே இதுதான். மனுஷன் மூக்கை அடைச்சா என்ன ஆவான்? கொதிக்காம என்ன செய்யும்? இப்ப நான் கம்பெனிக்கு எழுதினா, பார்ட்டியே வண்டியைக் கெடுத்துட்டாங்க, நாங்க பொறுப்பில்லைன்னு ஒரே வரியில முடிச்சிடுவான். கொதிப்பு, கதவு, கூரை, எல்லாம் அதோட போச்சு."

"கதவுலயா மாலை தொங்குது?" என்று திருப்பதி சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தான். சொர்ணம் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். மானேஜர் ஜாலம் பண்ணுகிறார், சரி. ஆனால் மூக்கை அடைத்தது என்று சொன்னாரே, அது ஜாலமாகத் தெரியவில்லை. வண்டி முகத்தைப் பார்த்தாள். முகமே காணவில்லை. அட பாவி, நான்தானா உன்னை இத்தனை நாளும் மூச்சுத் திணற அடித்தேன் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி காரியம் என்று செய்ததாயிற்றே! அதைக் கையால் பிய்த்தெறிந்தால் நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்?

மாலையின் முடிச்சுக்குப் போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு, "திருப்பதி, காவேரி இங்கிட்டு எந்தப் பக்கம்டா?" என்றாள்.

"அங்கிட்டு, பாலத்துக்கிட்ட. எதுக்குக்கா?"

"காவேரி எங்க போயிச் சேருது?"

"கடலுக்குத்தான்."

"அப்பச் சரி. வண்டிய எடு."

படித்துறையில் ஒவ்வொரு மாலையாக அவளே அவிழ்த்தாள். "தாயே, கடலு இங்க வர முடியாது. நான் கொண்டாந்து குடுக்கேன், வாங்கிக்க" என்று சத்தமாகவே சொல்லித் தண்ணீரில் விட்டாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சருகெல்லாம் பாலத்துக்கு அடியில் நுழைந்து கிழக்கே போகிறவரை நின்றுவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

கடைக்குத் திரும்பியபோது மானேஜர் இரண்டு புது ஆட்களிடம் வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொர்ணம் ஈரக் கையோடு நேரே போய் முன்னால் நின்றாள்.

"நீங்க சொன்னது நெசந்தாங்க. மூக்க அடைச்சது நாந்தான். வார வழியில கொதிப்பு அடங்கியிருக்கு. எம்மேல தப்பு, ஒத்துக்கிட்டேன். மாலையக் காவேரில விட்டுட்டேன். எந்தப்ப நான் சொல்லிட்டேனுங்க. இப்ப ஒங்க தப்ப நீங்க சொல்லுங்க."

அந்த மனுஷர் கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறார். கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். வக்கீல் வைப்பேன் என்கிறவர்களையும் பார்த்திருக்கிறார். எல்லாருக்கும் கைவசம் பதில் உண்டு. என் மேல் தப்பு என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒரு வாடிக்கைக்காரரும் அந்தக் கடை வாசலை மிதித்ததில்லை. புது ஆட்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு ஏணி கொண்டுவரச் சொல்லி, வெள்ளைச் சட்டையோடு தானே கூண்டின் மேல் ஏறினார். நல்ல மனுஷர்தான், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து உட்கார்ந்து மறந்துபோயிருந்தார், அவ்வளவுதான்.

தகரமும் தகரமும் சேருகிற இடத்தில் ஒரு ஓரத்தில் ஈயம் பூசாமலே விட்டிருந்தது. கதவின் கொண்டி அரை விரல் தள்ளி அடித்திருந்தது. மானேஜர் மேலே இருந்தபடியே, "கம்பெனியிலயே விட்டுட்டாங்கம்மா" என்று முணுமுணுத்தார்.

"காதுல விழலைங்க. கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க."

"கம்பெனித் தப்புங்கிறேன்!"

"அம்புட்டுத்தானுங்க. இதுக்குப் போயி மூணு நட நடந்தேன்." சொன்னவளே சிரித்துவிட்டாள். மானேஜருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். புதுக் கொண்டி மெட்ராஸிலிருந்து வந்ததும் தானே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். சொன்னபடியே அனுப்பினார்.

வண்டி ஊருக்கு வந்ததும் மூக்காயியிடம் போய்ச் சரக்குக் கேட்டாள். மூக்காயி வானத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "ஒரு சிப்பம் போடுறேன்" என்றாள். மற்றவர்கள் அதுவும் போடவில்லை. அந்த ஒரு சிப்பத்தோடு வண்டி கிளம்பியது. இப்போதெல்லாம் மாலை உள்ளே, திருப்பதியின் தலைக்கு மேலே கட்டியிருக்கிறது.

மீமிசல் தாண்டினதும் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, ஐப்பசிக்கே உரிய அடை மழை. ரோட்டோரப் புளிய மரத்தடியில் லாரி ஒன்று ஒதுங்கி நிற்க, ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்பதி பழக்கத்தில் வண்டியை மரத்தடிக்குத் திருப்பினான்.

"அங்கிட்டு எதுக்குடா போற? இங்கயே நிறுத்து. வெட்டவெளியில நிறுத்து."

சொர்ணம் இறங்கினாள். மழை முதுகில் அறைந்தது. பின்பக்கம் போய்க் கதவைக் கையால் இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கொண்டியை நீக்கி ஒருச்சாய்த்துத் திறந்து, தன் உடம்பால் மழையை மறித்துக்கொண்டு, மூக்காயியின் சிப்பத்துக்குள் கையை விட்டாள். ஒரு நெத்திலியை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒடித்தாள். காய்ந்த சுள்ளி மாதிரி டக்கென்று ஒடிந்தது.

பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மீதிப் பாதியை நனையாமல் உள்ளங்கையில் பொத்திக் கொண்டுபோய், ஜன்னல் வழியாகத் திருப்பதியிடம் நீட்டினாள்.