பாதிப் புத்தகத்தோடு அளவெட்டிக்கு

அளவெட்டிக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். நான் அப்பாவோடு போன கதையைச் சொன்னால் வழியும் விளங்கிவிடும். எழுபதுகளின் கடைசி, ஒரு தை மாதம். கோயிலுக்கில்லை, அந்த ஊருக்குப் பேர்போன நாதஸ்வரம் கேட்கவும் இல்லை. பாதிப் புத்தகம் தேடிப் போனோம்!

அறுபத்தொன்றில் யாழ்ப்பாணக் கச்சேரி, அதுதான் அரசாங்க அதிபரின் அலுவலகம், அதன் வாசலில் தமிழ்மொழி உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. முதல் நாள் தடியடி வாங்கியும் அப்பா மறுநாளும் போய் இருந்தவர். அங்கே அறவழிப் போராட்டம் பற்றிய புத்தகமொன்று வந்து சேர்ந்தது. அட்டையில்லை, பெயரும் தெரியாது. வாசிக்க ஆட்கள் கூடிவிட்டதால் தையலைப் பிரித்து முன்பாதியை ஆண்கள் பக்கமும் பின்பாதியைப் பெண்கள் பக்கமும் கொடுத்தார்கள். மாற்றுவதற்குள் துப்பாக்கிகளோடு ஆமி வந்து எல்லாரையும் கலைத்துவிட்டது.

அப்பாவிடம் தங்கிவிட்ட முன்பாதி, ஊர்வலத்தின்மேல் பொலிஸ் தடியை ஓங்குவதோடு நின்றுவிட்டது. “திருப்பி அடிச்சவையோ, ஓடினவையோ?” என்று வருடக்கணக்காக இதே கேள்விதான். அம்மா அலுத்துப்போய், “நீங்களே ஒரு முடிவை எழுதி விடுங்கோவன்” என்பார்.

மற்றப் பாதி அளவெட்டியில் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரிடம் இருப்பதாகக் கலியாணவீட்டில் கேள்விப்பட்டதும் அப்பாவை வீட்டில் பிடித்துவைக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகத்துக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே. அங்கிருந்து வாடகைக் காரில் மூன்று மைல்.

“அந்த ரீச்சரோ? ஆமிக்காரனோடையே நியாயம் கதைச்சவவெல்லோ” என்றார் சாரதி.

வந்த காரணத்தைச் சொன்னதும் ரீச்சர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப மற்றப் பாதி உங்களிட்டையோ? நல்லா ஒளிச்சு வைச்சிருந்தியள்!”

தன் பாதியின் முதல் பக்கத்தை அவரே வாசித்தார். அதில், அடிபட்ட ஊர்வலக்காரர் காயங்களுக்குக் கட்டுப் போட்டார்கள். யாரும் கை ஓங்கவில்லை. மறுநாள் அதே இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

“நாங்களும் மறுநாள் போய் இருந்தனாங்கள்தானே, ரீச்சர்” என்றார் அப்பா. தன் பாதியைப் பையிலிருந்து எடுத்தார். எனக்கு அழுகை வந்தது.

“ஓம் அண்ணை, இருந்தனாங்கள்.”

பிறகு துவக்கத்திலிருந்து இருவரும் மாறிமாறி உரக்க வாசித்தார்கள். அவசரப்படுத்த வந்த சாரதியும் இருந்து கேட்டார். நீங்கள் போனால் காரைக் காக்கவைக்காதீர்கள். சுன்னாகத்தில் கடைசி பஸ்ஸையும் விசாரித்து வையுங்கள். நாங்கள் அதைத் தவறவிட்டோம். அப்படி அறவழியை நம்பி ஒரு வாசலில் போய் இருந்த காலத்தை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது.

புறப்படும்போது அப்பா ரீச்சரின் பாதியைக் கேட்பார் என்று நினைத்தேன். அவரோ தன்னுடையதை அதன்மேல் வைத்தார்.

“இனிப் பிரிக்காதேங்கோ” என்றார்.