திருநீறு பூசிய கயிறு

என் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோயிற்று என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். எங்கள் தீவின் தென்கரையில், சுயாக் ஊர்க் கடல் அப்போதும் அப்படித்தான் இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரைக் கொண்டுபோனது ஒரு கயிறு. நல்ல கயிறு என்று எல்லோரும் மெச்சிய கயிறு.

முதல் பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுயாக்குக்கு மேலே எங்களுக்கும் ஒரு துண்டுக் கரும்பு நிலம் இருந்தது. வெட்டு முடிந்துவிட்டால் அடுத்த வெட்டு வரும்வரை எங்களுக்கு வேலை இருக்காது. பிள்ளைகளின் வயிறு மட்டும் தவறாமல் வேலை செய்யும். அந்த மாதங்களில் அவர் கடலோரப் பாறைக்குப் போய்த் தூண்டில் போடுவார். தீவின் மற்றப் பக்கங்களில் கரைக்கு வெளியே பவளத்திட்டு நின்று அலையை வாங்கிக்கொள்ளும். எங்கள் பக்கத்துப் பாறைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடல் நேரே வந்து மோதும். அங்கே வழுக்கி விழுந்தவன் யாரும் ஏறி வந்ததாக நான் கேட்டதில்லை.

அதனால்தான் தூண்டில் நூல் வாங்குவதென்றால் அவருக்கு அரைநாள் வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. சீனர் கடையில் நூல் உருண்டையை வாங்கி வெளியே வெயிலுக்குக் கொண்டுவருவார். கொஞ்சம் இழுத்து, கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக ஓடவிடுவார். தடிப்போ முடிச்சோ இருந்தால் நகம் அங்கே நின்றுவிடும். முனையைப் பிரித்துவிட்டு முறுக்கு தானாகத் திரும்புகிறதா என்று பார்ப்பார். முகர்ந்து பார்த்துப் பூஞ்சை வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைசியாக வாயில் வைத்து நனைத்து, விரலில் சுற்றி இழுப்பார். பருத்தி நூல் நனைந்தால் கூடுதலாகத் தாங்கும், அதனால் நனைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பார். விரல் அறுபடும் முன்னால் நூல் அறுந்துவிட வேண்டும். அறாவிட்டால் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்.

கடைக்காரருக்கு இது விளங்கவே இல்லை. தார் பூசிய தடித்த கயிற்றை எடுத்து வைத்து, இதில் சுறா தொங்கினாலும் தாங்கும் என்று காட்டுவார். இவர் தலையை ஆட்டிவிடுவார். “லி ஃபூ” என்பார் கடைக்காரர் கிரியோல் பாஷையில், என்னைப் பார்த்து. உன் புருஷன் பைத்தியம் என்று அர்த்தம்.

“மீனுக்குத் தாங்கினா போதும்” என்பார் இவர். “பாறையில சிக்கிச்சுன்னா அது போவணும், நான் போவக் கூடாது.”

அதற்கு ஏற்றாற்போல முள்ளும் ஈயக்குண்டும் அடிக்கடி போகும். பெரிய பாரை மீன் மாட்டினால் அதுவும் போகும். வெறுங்கையோடு வந்து நிற்கும்போது எனக்குக் கோபம் வரத்தான் செய்யும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் வந்து நின்றார். அது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால் தாலிக்கயிறு மாற்ற வேண்டியிருந்தது. நூல் எடுக்க நானும் கடைக்குப் போனேன். எனக்கு மட்டும் இருப்பதிலேயே தடித்த நூலாகத் தேடினார். நனைத்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தும் அது அசையவில்லை. “இது மட்டும் அறுந்துறக் கூடாது” என்று சொல்லிச் சிரித்தார். கடைக்காரர் முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து முறுக்கி, மஞ்சளில் ஊறவைத்துக் கட்டிக்கொண்டேன்.

அவருடைய அண்ணன் எங்கள் வளவிலேயே அடுத்த வீட்டில் இருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம். அவரும் தூண்டில் போடுவார், ஆனால் கடை நூலைத் தொடமாட்டார். கற்றாழை நாரைத் தானே திரித்து, தேங்காயெண்ணெய் பூசி, மாடு கட்டுகிற கனத்தில் ஒரு கயிறு வைத்திருந்தார். முனையில் மணிக்கட்டை நுழைக்க ஒரு கண்ணி. தம்பியின் நூலைப் பார்த்தால் “சட்டை தைக்கப் போறியாடா?” என்பார். மாமா பலசாலி. பாறையில் சிக்கினாலும் முள்ளையே நிமிர்த்திக்கொண்டு இழுத்துவிடுவார். என் வீட்டுக்காரர் ஒல்லி.

அந்த வருஷம் மாமா காய்ச்சலில் கிடந்து பிழைத்திருந்தார். பிழைத்தால் காவடி எடுப்பதாக வேண்டுதல். வளவு முழுக்க விரதம். மீன் சட்டியெல்லாம் வெளியே போயிற்று. என் வீட்டுக்காரர் தன் நூலை வாதுமைப் பட்டை ஊறிய துவர்த் தண்ணீரில் காய்ச்சி, அடுப்புப் புகை படுகிற இடத்தில் தொங்கவிட்டிருப்பார். ஈரம் அண்டாது. கவிச்சி பட்ட நூல் வீட்டுக்குள் இருக்கலாகாது என்று மாமா அதைத் தானே எடுத்துப் போய் மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகினார். கரும்புச் சோகை வேய்ந்த கூரை. விரத நாட்கள் முழுக்க மழை.

மாமா காவடி எடுத்தார். நானும் பின்னால் நடந்தேன். நாக்கில் வேல் குத்தி, வெறுங்காலோடு, ஒரு சொட்டு ரத்தம் வராமல் மலைக்கோயில் ஏறினார். கும்பிடத்தான் தோன்றியது, கும்பிட்டேன். அது பொய்க் கும்பிடு இல்லை.

மறுநாள் காலை விரதம் விட்டாயிற்று. ரோஸ் ஹில்லிலிருந்து என் நாத்தனாரும் அவள் புருஷனும் காவடி பார்க்க ரயிலில் வந்திருந்தார்கள். சாயங்காலம் திரும்ப வேண்டும். மீன் குழம்பு சாப்பிடாமல் அனுப்புவதா என்று மாமா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். “தம்பி போயி கொண்டாருவான்.” அவர் நாக்கில் புண், அவர் போக முடியாது.

என் வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து நூலை எடுத்தார். கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. இரண்டு விரலால் இழுத்தார், பிட்டுப் போல வந்தது.

“கடைக்குப் போயிட்டு வரேன்” என்றார்.

“எதுக்குக் கடை?” என்று மாமா உள்ளே போய்த் தன் கயிற்றைக் கொண்டுவந்தார். நெற்றியிலிருந்த திருநீற்றைத் தொட்டு, கயிறு நெடுக ஒரு தடவு தடவினார். “முருகன் துணை. போயிட்டு வா” என்று நீட்டினார்.

என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வேலிப் படல்வரை நான் பின்னாலேயே போனேன். “ஏங்க, இது ஒங்களுக்கு ஒத்து வராதே. போற வழிதானே, கடையில ஏறி நூல் வாங்கிக்கோங்க.”

“காவடி எடுத்த கை கொடுத்தது. வாணாம்னு எப்படிச் சொல்றது?” என்றார். கயிற்றை நகத்துக்கு நடுவே ஓடவிட்டுப் பார்த்தார், பழக்கம் விடவில்லை. “சுத்தமா திரிச்சிருக்காரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாறையில் நடந்ததை அடுத்த பாறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிரியோல் மீன்காரர் வந்து சொன்னார். எங்கோ தூரத்தில் புயல் இருந்திருக்க வேண்டும். அலை இடைவிட்டு இடைவிட்டுப் பெரிதாக எழுந்ததாம். வழக்கமாக இவர் நூலை ஒரு விரலில்தான் வைத்திருப்பார். அன்று கண்ணியை மணிக்கட்டில் மாட்டியிருந்தார். கயிறு கைநழுவிப் போனால் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. முள் அடியில் பாறைக்குள் சிக்கிக்கொண்டது. இழுத்தார், சுண்டி இழுத்தார், வரவில்லை. ஈரத்தில் கண்ணி இறுகிக் கையையும் விடவில்லை. மீன்காரர் அலை வருவதைப் பார்த்துவிட்டு, “கூப்பே! கூப்பே!” என்று கத்தினாராம். அறு, அறு என்று.

இடுப்பில் கத்தி இருந்தது. இரை நறுக்கும் கத்தி, அன்று காலை நான்தான் தீட்டிக் கொடுத்தேன். கை கத்திக்குப் போயிற்று, ஆனால் எடுக்கவில்லை என்றார் மீன்காரர். கயிற்றைப் பார்த்தபடி நின்றாராம். ஏன் அறுக்கவில்லை என்று அந்த மனிதர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு நான் எப்படிச் சொல்வேன்? திருநீறு பூசிய கயிற்றில் எங்களவர்கள் கத்தி வைப்பதில்லை. யோசிக்க ஒரு மூச்சு போதும், அதற்குள் அலை வந்துவிட்டது.

உடம்பைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். கயிறு ஒரு முனையில் பாறையையும் மறு முனையில் அவரையும் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் கிடைத்தது. மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. அழுகைக்கு நடுவே, துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னார்: “பாத்தீங்களா, கயிறு அறல. அதனாலதான் உடம்பாவது கெடச்சுது. அவன் நூலா இருந்தா இதுவும் இல்ல.” எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நாத்தனார் புருஷன்கூட.

என் வீட்டுக்காரருடைய நூலாக இருந்திருந்தால் தேட உடம்பு ஏது? முள் போச்சு என்று திட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றிருப்பார். இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

காரியத்தன்று தாலி அறுக்க மூத்த விதவை ஒருத்தி வந்தாள். என்னை உட்காரவைத்துச் சுற்றிலும் பெண்கள் அழுதார்கள். கயிறு புதிது, தடித்தது. மஞ்சள் இன்னும் விரலில் ஒட்டியது. கத்தி வழுக்கியது. அவள் திணறினாள், கழுத்து நெரிந்தது. “நல்ல கத்தி குடுங்கடி” என்றாள். அவர் இடுப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த இரை நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாமி முன்னால் வைத்து மஞ்சள் தோய்த்த கயிறு அது. அதில் கத்தி வைக்க அங்கே ஒருவருக்கும் கை கூசவில்லை.

குனிந்திருந்த எனக்கு மாமா வீட்டு வாசல்தான் தெரிந்தது. கற்றாழைக் கயிற்றைக் கழுவி, எண்ணெய் பூசி, வெயிலில் கட்டியிருந்தார்கள்.

கொஞ்ச நாளில் மாமா நாக்குப் புண் ஆறி, அதே கயிற்றோடு பாறைக்குப் போனார். வரும்போது இரண்டு பாரை கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். தூக்கி எறிந்துவிடத்தான் கை வந்தது. உள்ளே பிள்ளைகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தார்கள். மீனைக் கழுவினேன், குழம்பு வைத்தேன், அவர்களுக்குப் போட்டேன். சட்டியில் மீந்ததை நான் தின்றேன்.