வளைகுடாவுக்குப் புறப்பட்ட புக்கிட் ரோத்தான் ஈர்க்கு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். மேலே படமாகப் போட்டிருக்கும் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு விளங்கியிருக்கும். வரிகள் வலது பக்கம் போகப் போக மேலே ஏறிக்கொள்கின்றன. சில எழுத்துகள் கட்டைவிரல் அளவு, சில அரிசி அளவு. எனக்கு வயது எழுபத்து மூன்று. போன தைப்பூசத்துக்குப் பிறகுதான், புக்கிட் செந்தோசாவில் எங்கள் கோயில் மண்டபத்தில் நடக்கும் முதியோர் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தொடங்கினேன். ஒரு பக்கம் எழுத முக்கால் மணி நேரம் ஆகிறது. இந்த வலைப்பூ என் மருமகளுடையது. "இந்தப் பயணத்த நீங்களே எழுதுங்க மாமா, நான் தட்டச்சு செஞ்சி போடுறேன்" என்றாள். பிழைகளை அவள் திருத்தினாள். மற்றதெல்லாம் நான் எழுதியது.

சென்ற வியாழக்கிழமை புக்கிட் ரோத்தானுக்குப் போனேன். என் கொழுந்தியாள் கமலா அங்கே பதினெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கொட்டகை நடத்துகிறாள். செம்பனை மட்டையிலிருந்து ஈர்க்கு உரித்து, காயவைத்து, கட்டாகக் கட்டி விற்கிறார்கள். துடைப்பத்துக்கும் தட்டு பின்னவும் போகும் ஈர்க்கு. வளைகுடாவில் ஒரு நாட்டோடு நம் நாடு புதிதாக வணிக ஒப்பந்தம் செய்திருக்கிறது. முன்பு அந்த நாட்டுத் துறைமுகத்தில் நம் ஈர்க்குக்கு வரி போடுவார்கள். இப்போது, இது மலேசியாவில் விளைந்தது என்று சான்று காட்டினால் வரி இல்லை. ஒப்பந்தத்துக்குப் பிறகு கிள்ளானில் ஏற்றுமதி செய்யும் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, "ஒரு கொள்கலன் நிறைய குடு, நேரா உன் கொட்டகைக்கே லோரி அனுப்புறேன்" என்று கமலாவிடம் சொல்லிவிட்டார். முதல் லோரி வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. "வந்து பாருங்க அத்தான்" என்று தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் இரண்டாவது முறை கூப்பிட வைக்கவில்லை.

காலை 7.10க்கு வாடகை வண்டி வந்தது. ஓட்டுநர் நம் தமிழ்ப் பையன், பெயர் கணேசன்.

"அங்கிள், கோலசிலாங்கூர் பக்கம்னா மின்மினி பாக்கவா? அது ராத்திரி லா."

"இல்ல தம்பி, தொடப்பம் பாக்கப் போறேன்."

கண்ணாடி வழியாக என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டான்.

ராவாங் தாண்டி, பத்தாங் பெர்ஜுந்தை வழியாகப் போனோம். வழியெல்லாம் பெயர்ப்பலகைகள். இத்தனை வருடம் இந்தச் சாலையில் லோரியின் பின்புறம் உட்கார்ந்து போயிருக்கிறேன், அப்போது பலகைகளின் நிறம் மட்டும்தான் எனக்குத் தெரியும். இப்போது கோயில் பெயர், தமிழ்ப்பள்ளிப் பெயர், கல்யாண மண்டபத்தின் பெயர் எல்லாவற்றையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டே போனேன். கணேசன் வானொலியைக் குறைத்துவிட்டு, நான் திணறிய ஓரிடத்தில் எடுத்துக்கொடுத்தான். நல்ல பிள்ளை. பத்தாங் பெர்ஜுந்தையில் இரண்டு தோசை, நுரைக்க ஆற்றிய தேநீரான தே தாரிக் ஒன்று, ஐந்து வெள்ளி எழுபது காசு. வண்டி காட்டிய தூரம் 54 கிலோமீட்டர், கட்டணம் 68 வெள்ளி. 9.05க்கு இறங்கினேன்.

கொட்டகையை நான் ஏதோ கூரை போட்ட சந்து என்று நினைத்திருந்தேன். பார்த்ததும் அசந்துபோனேன். முன்பு ரப்பர்ப் பால் உறையவைத்த பழைய கட்டடம். சுண்ணாம்பு அடித்து, தரையைச் சிமெண்டால் மெழுகி, வெயில் விழும் பக்கத்தில் மூங்கில் பரண்கள் அடித்திருக்கிறார்கள். பரண் நிறைய ஈர்க்கு, வெளிர் பச்சையிலிருந்து பொன் நிறம் வரை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே சுவரோரம் ஆயிரத்து இருநூறு கட்டுகள், ஒவ்வொன்றும் ஐந்து கிலோ, நீல நைலான் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டி ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். என் காலத்தில் வெட்டிய மட்டையை மரத்தடியிலேயே போட்டுவிடுவோம். இப்போதும் பாதியை உரத்துக்காக அங்கேயே விட வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் சொல்லியிருக்கிறது, இவர்களும் மீறுவதில்லை. மீதிப் பாதியில்தான் இவ்வளவும்.

பத்து மணிக்குத் தேநீரோடு பேரீச்சம்பழம் வைத்தார்கள். "இது அங்கேருந்து வருது அத்தான். ஒப்பந்தத்துக்கு அப்புறம் வெல கொறஞ்சிருக்கு. நாம தொடப்பம் அனுப்புறோம், அவங்க பழம் அனுப்புறாங்க" என்றாள் கமலா. நான் ஏழு பழம் தின்றேன்.

கொட்டகையிலேயே மூத்தவர் அந்தோணியம்மா. என்னைவிட இரண்டு வயது பெரியவர், என்னைப் போலவே ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டியவர். முழங்கால் வீங்கி இரண்டு வாரம் படுத்திருந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தார். வந்ததும் ஒரு துடைப்பத்தை எடுத்துக் கொட்டகையைப் பெருக்கத் தொடங்கினார். "ஒக்காருங்க அக்கா" என்று நாலு பேர் கத்தியும் கேட்கவில்லை.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்தேன். சான்றுக்காகக் கமலா கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழி. அவள் மகள் அதைத் தமிழில் எழுதி, எல்லாருக்கும் தெரியட்டும் என்று முந்திய நாள் இரவு ஒட்டியிருக்கிறாள். அங்கே பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது, தெரிந்தவர்களுக்கு நேரமில்லை. எனக்கு இரண்டும் இருந்தது. விரலை வைத்து, சத்தமாக வாசித்தேன்.

"இந்தச் சரக்கில் உள்ள ஒவ்வோர் ஈர்க்கும் மலேசிய மண்ணில் வளர்ந்த செம்பனை மட்டையிலிருந்து எடுக்கப்பட்டது."

பின்னால் சரோஜா நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதுக்காரி, கொட்டகையிலேயே கை வேகம் அதிகம் என்று பெயரெடுத்தவள்.

"அண்ணே, அத இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன்.

"ஒவ்வோர் ஈர்க்குமா?"

"அப்படித்தாம்மா போட்டிருக்கு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கமலா ஓடிவந்தாள்.

"அக்கா, நாப்பது கட்டு நம்மளது இல்ல. எங்கண்ணன் கடையிலேருந்து எடுத்தாந்தேன். சுமத்ராவுலேருந்து படகுல வந்த சரக்கு."

"யாருக்காகடி?"

சரோஜா வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது புரிந்தது. பால்வெட்டு நாளில், யாருக்காவது உடம்பு முடியாமல் பால் குறைந்தால், நிறுவைக்குப் போகும் வழியில் ஆளுக்கு ஒரு குவளை அவள் வாளியில் ஊற்றிவிட்டுப் போவோம். ஊற்றியவர் சொல்லக் கூடாது, வாங்கியவர் கேட்கக் கூடாது. சொன்னால் அது பிச்சை ஆகிவிடும். சரோஜாவின் அம்மாவும் அப்படி ஊற்றியவர்தான். இந்தக் கொட்டகையிலும் ஒவ்வொருத்தியும் புதன்கிழமைக்குள் தன் பங்குக் கட்டுகளைக் கொடுத்தாக வேண்டும். யார் பங்கு குறைந்தது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை.

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தோணியம்மாவே பேசினார்.

"ஏன்டி முழிக்கிற? கெழவிக்காகன்னு சொல்லித் தொலையேன். வெக்கப்படுற வயசெல்லாம் எனக்குப் போயி ரொம்ப நாளாச்சி."

பவுனு என்கிற பெண் மெல்லச் சொன்னாள், "நாப்பதுதானக்கா. ஆயிரத்து எரநூறுல யாரு பிரிச்சிப் பாக்கப் போறா?"

கமலா சுவரிலிருந்த தாளை இன்னொரு தடவை பார்த்தாள். சான்று பொய் என்று அங்கே தெரிந்தால், இந்தக் கொள்கலனோடு போகாது. இனி புக்கிட் ரோத்தான் ஈர்க்கு என்றாலே சந்தேகப்படுவார்கள். பதினெட்டுக் குடும்பத்துக்கும் பழைய நிலைமைதான். பிறகு சொன்னாள்:

"பாக்க மாட்டாங்க. ஆனா அன்னைக்கி தோட்டத்துக் கிராணி எழுதுன கணக்குல நாம கைநாட்டு வெச்சோம். பொய்யின்னா அது அவன் பொய். இது நான் படிச்சிட்டுப் போடுற கையெழுத்து லா. எறக்குங்க எல்லாத்தையும்."

எப்படிப் பிரிப்பது? அதுதான் சிக்கல். யாருக்கும் தெரியக் கூடாது என்று சரோஜா எல்லாவற்றையும் பிரித்து, நம் நீலக் கயிற்றாலேயே மறுபடி கட்டியிருந்தாள். புதன்கிழமை மாலை அடுக்கியபோது எல்லாம் கலந்துவிட்டது.

"ஒங்கண்ணன் கடையில இத எங்கடி வெச்சிருந்தாரு?" என்று கேட்டார் அந்தோணியம்மா.

"சுங்கை புரோங்ல, கடைக்குப் பின்னாடி. கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்துல."

"அப்ப மூக்கே போதும்" என்றார் அவர். பிறகு கொட்டகையே சிரித்தது. அழுதுகொண்டிருந்த சரோஜாவும் சிரித்துவிட்டாள்.

அதன்பின் நான் கண்ட காட்சியை எத்தனை பயணத்திலும் காண முடியாது. பதினெட்டுப் பெண்களும் வரிசையாக நின்று, கட்டு கட்டாக எடுத்து மூக்கில் வைத்து மோந்து, நல்லதை வெளியே அடுக்கினார்கள்.

"ஏ பவுனு, நீ சளி புடிச்ச மூக்கு. தள்ளி நின்னு தூக்கி மட்டும் குடு!"

"இந்தா, இது நெத்திலி. நான் சத்தியம் பண்ணுறேன்!"

"இது நெத்திலி இல்ல, ஒன் சாப்பாட்டுக் கை!"

எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். நான் மூன்று கண்டுபிடித்தேன், அதில் ஒன்று தவறு. இரண்டு மணி நாற்பதுக்கு முப்பத்தொன்பது கட்டுகள் தனியாக நின்றன. ஒன்று மட்டும் அகப்படவில்லை. சரோஜா மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்பதுதான். லோரிச் சத்தம் சாலையில் கேட்டது.

அந்தோணியம்மா குனிந்து, தான் காலையிலிருந்து பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினார். "இத மோந்து பாருடி."

சரோஜா மோந்தாள். கருவாடு.

"கொட்டாய் தொடப்பம் தேஞ்சி போச்சேன்னு காலையில அடுக்குல மேல இருந்த ஒரு கட்ட அவுத்து, ஒரு பிடி எடுத்துத் தொடப்பமாக் கட்டுனேன், மீதி பரண் மேல கெடக்கு. பெருக்கயில நம்ம கை சீவுன ஈர்க்கு இல்லேன்னு தெரிஞ்சிது. யாரோ ஊத்தியிருக்காங்க, நாம எதுக்குக் கேக்கணும்னு பெருக்கிக்கிட்டிருந்தேன்."

கமலா தவுக்கேயைக் கூப்பிட்டு, நாற்பது குறைகிறது என்றும், ஏன் என்றும் மறைக்காமல் சொன்னாள். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. கடைசியில், சான்றுத் தாளில் எண்ணிக்கையைத் திருத்தி அனுப்பச் சொன்னார், ஐந்து மணிக்குள் மாற்றிவிடலாமாம். 3.25க்கு லோரிக்காரர் சேகர் கதவைத் திறந்தார். 5.10க்கு ஆயிரத்து நூற்று அறுபது கட்டுகளோடு கதவை மூடினார். அதற்கு முன்பே கமலா கையெழுத்துப் போட்டிருந்தாள். அவள் பேனா பிடித்ததை நான் கவனித்தேன். என்னைப் போலத்தான், கொஞ்சம் அழுத்தமாக.

முப்பத்தொன்பது கட்டையும் சரோஜா அண்ணன் கடைக்கே திருப்பி அனுப்பினாள். நாற்பதாவதை அந்தோணியம்மா விடவில்லை.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். காலை ஏழு மணிக்கே கிளம்புங்கள், பத்துக்கு மேல் செம்பனை லோரிகள் சாலையை அடைத்துக்கொள்ளும். திரும்பும்போது நான் கோலாலம்பூர்ப் பேருந்தில் ஏறினேன், ஏழு வெள்ளி முப்பது காசு. அங்கிருந்து ரயில் பிடித்து பத்தாங் காலி. வீடு சேர ஒன்பதரை ஆனது. ஒரு நாள் தங்க முடிந்தால் சுங்கை புரோங் வயல்களையும் பாருங்கள். கதிர் பச்சையாக இருக்கும்போது நன்றாக இருக்கும். அங்கே கருவாடும் நல்ல கருவாடு, நான் உத்தரவாதம். கொட்டகையைப் பார்க்கப் போகிறவர்கள் பரண் பக்கம் புகை பிடிக்காதீர்கள். தரையில் கிடக்கும் ஈர்க்கை மிதிக்காதீர்கள்.

ஒப்பந்தம் என்றால் பெரிய ஊரில் பெரிய மேசையில் நடப்பது என்று இருந்தேன். அது இந்தக் கொட்டகை வரை வந்து, இந்தப் பெண்களைப் பார்த்து, இது எங்கே விளைந்தது என்று கேட்கிறது. கேட்டதற்கு இவர்கள் உண்மையைச் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பெருமை. ஆனால் வாளியில் ஊற்றும் பழக்கத்தை விடப்போவதில்லையாம். இனிமேல் குறைகிறவர் பங்குக்கு எல்லாரும் ஒரு நாள் சேர்ந்து உரிப்பார்கள், நம் மட்டையில், எல்லாருக்கும் தெரிய. அந்தோணியம்மா அதற்குச் சம்மதித்துவிட்டார்.

தவுக்கே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த கொள்கலனிலிருந்து ஒவ்வொரு கட்டிலும் ஓர் அட்டை தொங்க வேண்டும். எந்தத் தோட்டத்து மட்டை, யார் உரித்தது, இரண்டும் அதில் இருக்க வேண்டும். யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது கமலா என்னைப் பார்த்தாள்.

"அத்தான் எழுத்து பெருசு பெருசா இருக்கும். இருட்டுல கூட தெரியும்."

"ஒரு அட்டைக்கு ரொம்ப நேரமாகுமே கமலா."

"ஈர்க்கு காய நாலு நாளாவுது. நீங்களும் மெதுவா எழுதுங்க."

அந்த வளைகுடாத் துறைமுகத்திலும் தமிழர்கள் சுமை இறக்குகிறார்கள் என்கிறார் சேகர். அவர்களில் யாராவது அட்டையைத் திருப்பிப் பார்த்து, அந்தோணியம்மா, சரோஜா, பவுனு என்று வாசிப்பார்கள். அவர்களிடம் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்க அட்டையில் இடமில்லை. அதனால் வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன். கொட்டகைக்குப் போக, புதன்கிழமை காலை 7.10க்குக் கணேசன் வண்டி வருகிறது. அடுத்த வாரம் நிச்சயம் எழுதுகிறேன், ஆயிரத்து இருநூறு அட்டை.